பின்னால் இரண்டாகப் பிரிக்கக்கூடிய வீடு: பிளானிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

இந்த மாதிரி வீட்டுக்கு, பிரித்த பிறகு நிற்கப்போகும் இரண்டு வீடுகளையும் முதல் தாளிலேயே வரைந்துவிட வேண்டும். அதன்மேல் டிரேஸிங் தாளை வைத்து, நடுச்சுவரில் எங்கெங்கே வாசல் திறந்தால் இரண்டும் ஒரே குடும்பத்துக்கு ஒரே வீடாகும் என்று பார்த்து இன்றைய வீட்டை வரைவது இரண்டாவது தாள். மூன்றாவது தாளில், பிரிக்கும்போது இடிக்க வேண்டியதைச் சிவப்பிலும் புதிதாகக் கட்ட வேண்டியதை நீலத்திலும் குறிக்கலாம். சிவப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல பிளான்.

பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. பெரிய வீடு ஒன்றை வரைந்துவிட்டு, தேவைப்பட்டால் நடுவில் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சுவர் எழுப்புவது கொத்தனாருக்குச் சில நாள் வேலை. அந்தச் சுவருக்கு அடியில் பீம் இல்லை, அந்தப் பக்கம் கழிவுநீர் வெளியேற வழியில்லை, இந்தப் பக்கத்து விளக்குக்கு அந்தப் பக்கத்து டிபியிலிருந்து (கரண்ட்டைப் பிரித்தனுப்பும் பிரேக்கர் பெட்டி) கரண்ட் வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும்போதுதான் தரையையும் சுவரையும் உடைக்கும் வேலை தொடங்குகிறது.

பிளானுக்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: மனை இருக்கும் இடத்தின் கட்டட விதி. இரண்டாவது சமையலறை வந்தாலே இரண்டு குடியிருப்பு என்று கணக்கிடும் விதி பல இடங்களில் இருக்கிறது. அப்படியென்றால் வண்டி நிறுத்துமிடம், பக்க இடைவெளி, தீத்தடுப்புச் சுவர் எல்லாம் இரண்டு வீட்டுக்கான அளவில் கேட்கப்படும். மனையையும் சேர்த்துப் பிரிக்கும் எண்ணம் இருந்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் குறைந்தபட்ச முகப்பு எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டைப் பிரிக்கும் கோடு எங்கே வரும் என்பதையே அது தீர்மானித்துவிடலாம்.

அளவோடு ஒரு உதாரணம்

40 அடி முகப்பு, 36 அடி ஆழம் கொண்ட ஒரு தரைத்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். வெளிச்சுவர்கள் 9 அங்குலம், உள்சுவர்கள் 4½ அங்குலம். பிரிக்கும் கோட்டில் முன்னிருந்து பின்வரை ஒரே நேராக 9 அங்குலச் சுவர். முகப்பின் 40 அடியில் மூன்று 9 அங்குலச் சுவர்களுக்கு 2 அடி 3 அங்குலம் போக 37 அடி 9 அங்குலம் மிஞ்சும். அதில் இடப்பக்கத்துக்கு 23 அடி, வலப்பக்கத்துக்கு 14 அடி 9 அங்குலம். ஆழத்தில் உள்ளளவு 34 அடி 6 அங்குலம். ஆக இடப்பக்க வீடு ஏறத்தாழ 790 சதுர அடி, வலப்பக்கம் 510 சதுர அடி.

சரிபாதியாகப் பிரிக்கச் சொல்பவர்கள் அதிகம். ஆனால் 1,300 சதுர அடியைப் பாதியாக்கினால் 650 சதுர அடி வீடுகள் இரண்டு கிடைக்கும். நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டுமே நெருக்கடிதான். 60:40 விகிதத்தில் பிரித்தால் ஒன்று முழுக் குடும்பத்துக்கு ஆகும், மற்றது பெரியவர்களுக்கோ, புதிதாகக் குடித்தனம் தொடங்குபவர்களுக்கோ, வாடகைக்கோ ஆகும். சொத்தைச் சமமாகப் பங்கிட வேண்டுமென்றால் அது வேறு கணக்கு. அப்போது இரண்டு மாடிகளாகப் பிரிப்பதே நல்லது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

வலப்பக்க வீட்டை முன்னிருந்து பின்னாக அடுக்கினால்: முன்னறை 11 அடி 6 அங்குலம், சமையலறை 7 அடி 6 அங்குலம், குளியலறை 4 அடி 6 அங்குலம், பின்னால் படுக்கையறை 9 அடி 10½ அங்குலம். இடையில் மூன்று 4½ அங்குலச் சுவர்களுக்கு 13½ அங்குலம். கூட்டினால் 34 அடி 6 அங்குலம் சரியாக வரும். சமையலறையும் குளியலறையும் வெளிச்சுவரை ஒட்டி. நடுச்சுவரை ஒட்டி 3 அடி 6 அங்குல நடைபாதை.

இந்த நடைபாதை ஒன்றுக்கு இரண்டு காரணத்துக்காக அங்கே வருகிறது. ஈர அறைகள் வெளிச்சுவர்ப் பக்கம் போவதால் அவற்றுக்கு ஜன்னல் கிடைக்கிறது, குழாய்களும் தன் பக்கத்திலேயே இறங்குகின்றன. நடுச்சுவரில் தண்ணீர்க் குழாயோ கழிவுக் குழாயோ ஒன்றுமே இருக்காது. பக்கத்து வீட்டில் இரவு தண்ணீர் திறக்கும் ஓசை இந்தப் பக்கம் கேட்பதற்கு முக்கியமான காரணம் பொதுச்சுவரில் புதைத்த குழாய்தான்.

இன்றைய வீட்டில் அந்தச் சமையலறை துணி துவைக்கும் அறையாக இருக்கும். முன்னறை பெரியவர்களின் உட்காரும் அறை அல்லது படிப்பறை. நடுச்சுவரில் இரண்டே திறப்பு: முன்னறைக்கு 5 அடி அகலத்தில் ஒன்று, நடைபாதைக்கு 3 அடி அகலத்தில் ஒன்று. இந்த இரண்டையும் அடைத்தால் வீடு பிரிந்துவிடும்.

அடைக்கப்போகும் திறப்பும் திறக்கப்போகும் சுவரும்

அடைக்கப்போகும் திறப்பில் கவனிக்க வேண்டியது அதன் அடியில் இருப்பது. பிளிந்த் பீம், அதாவது தரைமட்டத்தில் சுவரைத் தாங்கும் கான்கிரீட் பீம், நடுச்சுவரின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். வாசல் வரும் இடத்தில் நிறுத்தக் கூடாது. அங்கே பீம் இல்லாமல் மண்ணும் ஜல்லிக் கான்கிரீட்டும் மட்டும் இருந்தால், பின்னால் எழும் அடைப்புச் சுவர் தனியாக அமுங்கி இரண்டு ஓரத்திலும் நெட்டாக விரிசல் விடும். கதவு நிலையைச் சுவருக்குள் ஹோல்டுபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை) வைத்துக் கான்கிரீட் போட்டு இறுக்காமல், கழற்றக்கூடிய ஆங்கர் போல்ட்டில் மாட்ட வேண்டும். கழற்றும்போது சுவர் ஓரம் பெயராது, நிலையும் வேறு இடத்துக்கு உதவும்.

திறக்கப்போகும் இடம் வலப்பக்க வீட்டின் தலைவாசல். இன்று அங்கே ஜன்னல் இருக்கும். லிண்டலின் (திறப்புக்கு மேலே சுவரைத் தாங்கும் குறுக்குக் கான்கிரீட்) அடிமட்டம் 7 அடி, திறப்பு அகலம் 3 அடி 6 அங்குலம், லிண்டல் இருபுறமும் சுவர்மேல் குறைந்தது 6 அங்குலம் உட்கார வேண்டும். ஜன்னல் நிலை 4 அடி உயரம். அதன் கீழே உள்ள 3 அடிச் சுவரை மட்டும் பக்கத்துச் சுவரோடு பிணைக்காமல், இரண்டு ஓரமும் நெட்டாக இணைப்பு விட்டுத் தனியாகக் கட்டச் சொல்ல வேண்டும். கொத்தனார் பழக்கத்தில் பல் விட்டு இணைத்துவிடுவார். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று சொன்னால்தான் நடக்கும். நெட்டு இணைப்பின் மேல் பூச்சில் மெல்லிய கோடு விழாமல் இருக்க, 12 அங்குல அகலக் கோழிவலையை இருபக்கமும் 6 அங்குலம் படியும்படி ஆணியடித்துப் பூச வேண்டும். அந்த 3 அடிச் சுவரில் கண்டூயிட்டோ (வயர் போகும் குழாய்) தண்ணீர்க் குழாயோ போகக் கூடாது. உள்பக்கம் ஒரு பிளக் பாயிண்டுக்கு வசதியான இடமாகத் தெரியும், அங்கேயே வைத்துவிடுவார்கள். வெளியே 2 அடி உயரப் பிளிந்த்துக்கு (தரையை உயர்த்தும் அடித்தளம்) 6 அங்குலப் படி 4 வரும், மேலே 4 அடி நிற்குமிடம் வேண்டும். அந்த இடத்தில் செப்டிக் தொட்டி, மோட்டார், சேம்பர் (கழிவுக் குழாய்களைத் திறந்து பார்க்கும் சிறு தொட்டி) எதையும் வைத்துவிடாதீர்கள்.

முன்புறமும் பின்புறமும் நடுச்சுவர்க் கோட்டிலிருந்து இருபக்கமும் 2 அடிக்குள் ஜன்னல் வேண்டாம். கோடு ஜன்னலின் நடுவில் விழுகிற பிளான்களும் வருகின்றன. அதற்குப் பின்னால் தீர்வே இல்லை.

கழிவுநீரும் தண்ணீரும்

இரண்டு பாகத்துக்கும் தனித்தனிக் கழிவுநீர் ஓட்டம், தன் பக்கத்து வெளிச்சுவரை ஒட்டி. 110 மி.மீ. குழாய்க்கு 1:80 சரிவு (80 அடிக்கு 1 அடி இறக்கம்) என்று வைத்தால் 36 அடி ஓட்டத்தில் 5½ அங்குலம் இறங்கும். 1:60 என்றால் 7¼ அங்குலம். சமையலறைக் கழிவுக்கு 75 மி.மீ. குழாய், 1:40 சரிவு. குழாய் திரும்பும் இடத்திலும் இன்னொன்று வந்து சேரும் இடத்திலும் சேம்பர் வேண்டும். இரண்டு ஓட்டமும் தெருப்பக்கத்துக் கடைசிச் சேம்பரில் சேரலாம். அதற்கு முன் எங்கும் கலக்கக் கூடாது. ஒரு வீட்டின் அடைப்பு இன்னொரு வீட்டின் குளியலறையில் பொங்குவதுதான் பிரித்த வீடுகளில் வரும் முதல் சண்டை. பொதுச் சேம்பர் ஒருவர் வீட்டுக்குள் இருந்தால் அந்தச் சண்டை தீரவே தீராது.

பின்னால் வரப்போகும் சிங்க்குக்கு இன்றே டிராப் (நாற்றம் வராமல் நீர் தேங்கி நிற்கும் வளைகுழாய்) வைத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விடுவது பலர் செய்கிற காரியம். டிராப்பில் நிற்கும் 50 மி.மீ. நீர் சில வாரங்களில் ஆவியாகிவிடும். பிறகு சாக்கடை வாயு நேராக அறைக்குள் வரும். இரண்டில் ஒன்று செய்யலாம்: அந்தப் புள்ளியை இன்றே துணி துவைக்கும் சிங்க்காகப் பயன்படுத்தி டிராப்பை எப்போதும் நனைவாக வைத்திருப்பது, அல்லது டிராப்பே வைக்காமல் குழாயின் வாயை மூடி ஒட்டி அடைத்துவிடுவது. மூடியை டைல்ஸுக்குப் பின்னால் புதைக்காமல் அதன்மேல் ஒரு சிறு பலகை போட்டு விடுங்கள்.

தண்ணீரில், மேல்தொட்டியிலிருந்து ஒரே மட்டத்தில் இரண்டு வெளியேற்றக் குழாய், ஒவ்வொன்றுக்கும் தனி வால்வ். இறங்கும் குழாய் 25 மி.மீ., கிளைகள் 20 மி.மீ. போதும். நேரடி இணைப்பு உள்ள இடத்தில் மீட்டருக்குப் பக்கத்திலேயே இரண்டாகப் பிரித்து, இரண்டாவது மீட்டருக்கு 2 அடி நேர்க்குழாய் வெளியில் தெரியும்படி விட்டுவைக்கலாம். பிரித்த பிறகு இரண்டாவது தொட்டி வரும் என்றால் அதன் எடையை இன்றே பொறியாளரிடம் சொல்ல வேண்டும்: 1,000 லிட்டர் தண்ணீர் மட்டும் 1 டன். பூசுவதற்கு முன் இரண்டு ஓட்டத்தையும் தனித்தனியாக அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். ஒன்றைத் திறந்து மற்றதை மூடி, எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று பார்த்துவிட்டால், எங்காவது குறுக்கே இணைத்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

கரண்ட்

வலப்பக்கத்துக்குத் தனி டிபி, அதன் தலைவாசல் வரப்போகும் இடத்துக்குப் பக்கத்தில். இன்று அதற்கு முதன்மை டிபியிலிருந்து 10 சதுர மி.மீ. செம்பு வயரில் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் போகும். அந்த வயர் தொடங்கும் முதன்மை டிபியில் 40 ஆம்ப் பிரேக்கர். அதோடு, மீட்டர் போர்டு இருக்கும் இடத்திலிருந்து இந்த டிபிவரை ஒரு காலி 40 மி.மீ. கண்டூயிட், உள்ளே இழுகம்பியோடு. பிரிக்கும்போது செய்ய வேண்டியது பழைய வயரை முதன்மை டிபியில் கழற்றுவதும், புது மீட்டரிலிருந்து காலிக் கண்டூயிட் வழியாக ஒரு வயர் இழுப்பதும்தான். கண்டூயிட்டில் நெளிவுகள் அதிகமானால் அந்தக் கனத்த வயர் இழுபடாது. வளைவுகளைச் செங்குத்து முழங்கைகளாக இல்லாமல் அகல வளைவாகவும், இரண்டு மூன்றுக்கு மேல் போகாமலும், இடையில் ஒரு இழுப்புப் பெட்டியோடும் போடச் சொல்லுங்கள். துவைக்கும் அறையில் 16 ஆம்ப் பாயிண்ட் இரண்டு, தனித்தனி 4 சதுர மி.மீ. வயரில். பின்னால் அவையே சமையலறைக்கு ஆகும்.

கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிழை கடன் நியூட்ரல். நடைபாதை விளக்குக்கு இரண்டு பக்கமும் டூ-வே சுவிட்ச் (ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டணைக்கும் சுவிட்ச்) வைக்கும்போது, பேஸை இடப்பக்க டிபியிலிருந்து எடுத்து, பக்கத்தில் கைக்கு எட்டும் வலப்பக்க நியூட்ரலில் முடித்துவிடுவார்கள். விளக்கு எரியும், யாருக்கும் சந்தேகம் வராது. தனித்தனி ஆர்சிசிபி (போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமில்லையென்றால் கரண்ட்டைத் துண்டிக்கும் கருவி) வைத்த அன்றே அந்த விளக்கைப் போட்டதும் அது விழும், ஏனென்றால் ஒரு டிபி வழியாகப் போன மின்னோட்டம் திரும்பும்போது வேறு டிபி வழியாக வருகிறது. மெயினை அணைத்த வீட்டின் நியூட்ரலில் மின்சாரம் இருக்கும் ஆபத்தும் இதில் உண்டு. இதைத் தவிர்க்க, இரண்டு டிபியிலும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியை முதல் நாளிலிருந்தே வைத்துவிடுங்கள். வலப்பக்க டிபியின் மெயினை அணைத்தால் வலப்பக்கம் முழுவதும் இருள வேண்டும், இடப்பக்கத்தில் ஒன்றும் அணையக் கூடாது. மாற்றியும் பாருங்கள்: வலப்பக்கத்துக்குப் போகும் 40 ஆம்ப் பிரேக்கரை விட்டுவிட்டு இடப்பக்கப் பிரேக்கர்களை மட்டும் அணைத்தால் இடப்பக்கம் மட்டும் இருள வேண்டும். பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டிலும் ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். இதை வயரிங் ஆள் கணக்கு முடித்துப் போவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

நடுச்சுவரில் சுவிட்ச் பாக்ஸ்கள் முதுகோடு முதுகாக வரக் கூடாது. 9 அங்குலச் சுவரில் இருபக்கமும் 2 அங்குலம் குடைந்தாலே நடுவில் மிஞ்சுவது 5 அங்குலம். பெட்டியைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாகவும் பேச்சொலி புகும். குறைந்தது 2 அடி தள்ளி வையுங்கள். முடிந்தால் நடுச்சுவரில் பாக்ஸே வேண்டாம்.

ஒலி

இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 50 டெசிபல் ஒலியைத் தடுக்கும். பக்கத்து வீட்டில் சாதாரணமாகப் பேசுவது கேட்காமல் இருக்க இது போதும். ஆனால் சுவரின் மொத்தத் தடுப்பை அதன் பலவீனமான பகுதிதான் நிர்ணயிக்கும். உதாரணத்து நடுச்சுவர் 10 அடி உயரத்தில் 345 சதுர அடி. இரண்டு திறப்பும் 7 அடி உயரத்தில் சேர்ந்து 56 சதுர அடி, அதாவது 16 சதவீதம். அவற்றை 30 டெசிபல் மட்டுமே தடுக்கும் பலகையால் அடைத்தால், கணக்கில் மொத்தச் சுவரும் 38 டெசிபலுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே திறப்பை அடைப்பதென்றால் அதே 9 அங்குலச் செங்கல்தான். கதவைப் பூட்டிவிட்டு அலமாரியை நகர்த்தி வைப்பது பிரிப்பு ஆகாது.

பொய்க்கூரை போட்டிருந்தால் நடுச்சுவர் அதற்கு மேலும் ஸ்லாப் வரை போயிருக்க வேண்டும். ஓட்டுக் கூரையென்றால் ஓட்டின் அடிமட்டம் வரை. அந்த மேலிடுக்கில் ஒலியும் புகையும் தடையில்லாமல் தாண்டும்.

மாடியாகப் பிரிப்பதென்றால்

இதில் எல்லாம் மாடிப்படியில் இருக்கிறது. படி கூடத்தின் நடுவிலிருந்து ஏறினால் அந்த வீட்டைப் பிரிக்க முடியாது. தலைவாசலை ஒட்டிய முன்கூடத்திலிருந்து ஏற வேண்டும். தளத்திலிருந்து தளத்துக்கு 10 அடி 6 அங்குலம் என்றால் 126 அங்குலத்தை 20 ஏற்றமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 6.3 அங்குலம். பத்துப் பத்தாக இரண்டு வரிசை. ஒரு வரிசைக்கு 9 மிதி, 10 அங்குலம் வீதம் 7 அடி 6 அங்குலம். முன்னும் பின்னும் 3 அடி 6 அங்குல நிற்குமிடம் சேர்த்தால் நீளம் 14 அடி 6 அங்குலம். 3 அடி 6 அங்குல வரிசை இரண்டும் நடுவில் 3 அங்குல இடைவெளியும் சேர்த்து அகலம் 7 அடி 3 அங்குலம். இதை விட்டுக்கொடுத்து இடம் மிச்சம் பிடித்தால், பின்னால் கட்டில் பீரோ ஏற்ற முடியாத வீடு கிடைக்கும். முன்கூடம் 5 அடிக்கு 5 அடியாவது இருக்க வேண்டும்.

மேலே கீழே சமையலறை, குளியலறை நேருக்கு நேர். மேலே வரக்கூடிய குறுக்குச் சுவர்களின் கோட்டில் பீம் வேண்டும்: 10 அடி உயர 9 அங்குலச் செங்கல் சுவர் பூச்சோடு ஒரு அடிக்கு ஏறத்தாழ 450 கிலோ. பீம் இல்லாத ஸ்லாப்பில் அதை ஏற்றினால் கீழ்வீட்டுக் கூரையில் விரிசல் தெரியும். 8 அங்குல இலகு கான்கிரீட் பிளாக்கில் எடை பாதியளவுக்கும் கீழே வரும், ஒலித்தடுப்பும் கூடவே குறையும். ஸ்லாப் பேச்சொலியைத் தடுக்கும், காலடி ஓசையைத் தடுக்காது. தரைக்கு அடியில் மெத்தென்ற ஒரு அடுக்கு விட்டால்தான் அது குறையும், அதற்கான உயரத்தை இன்றே கதவு அளவில் கணக்கிட வேண்டும்.

பிரிக்கும்போது வேலை வரிசை

முதலில் வலப்பக்கத் தலைவாசல், அடுத்து தண்ணீரும் கரண்டும், கடைசியில்தான் நடுச்சுவர் அடைப்பு. அடைத்துவிட்டால் பொருள் கொண்டுபோக வழி சுற்றாகிவிடும்.

5 அடிக்கு 7 அடித் திறப்பை 9 அங்குலத்தில் அடைக்க, சேதம் சேர்த்து 400 செங்கல், பூச்சோடு 2 மூட்டை சிமெண்ட். நிலையைக் கழற்றி, சுவர் நிற்கும் அகலத்துக்கு டைல்ஸைப் பெயர்த்து, பீம் வரை சுத்தம் செய்ய வேண்டும். வழுவழுப்பான டைல்ஸ்மேல் கலவை பிடிக்காது. பழைய ஓரத்தின் பூச்சைக் கொத்தி எடுத்து நனைத்து, 1:6 கலவையில் (1 பங்கு சிமெண்ட், 6 பங்கு மணல்) கட்டலாம். 4 வரிக்கு ஒருமுறை 8 மி.மீ. கம்பியைப் பழைய சுவரில் 6 அங்குலம் துளையிட்டுச் செருகி, புதுச்சுவருக்குள் ஒரு அடி நீட்டிவிட வேண்டும். லிண்டலுக்கு அடியில் கடைசி வரியை உடனே கட்டி முடிக்கக் கூடாது. புதுக்கலவை சுருங்கி இறங்கும். ஒரு வாரம் விட்டு, ஈரம் குறைந்த கெட்டிக் கலவையால் அந்த இடுக்கை அடித்து நிரப்பினால் மேலே மயிரிழைக் கோடு விழாது. பிறகு நான்கு ஓரமும் கோழிவலை, அதன்மேல் பூச்சு.

பூச்சு காய்ந்ததும் ஒரு பக்கம் ரேடியோவைச் சத்தமாக வைத்து, மறுபக்கம் விளக்கை அணைத்துச் சுவரோரமாகக் காதை வைத்துப் போங்கள். ஒலி கசியும் இடம் பெரும்பாலும் பழைய வயர் போன துளை, லிண்டலின் ஓரம், தரையோரப் பட்டியின் பின்பக்கம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். துளையைக் கலவையால் ஆழம்வரை நிரப்பி, தரையோரத்தில் வளைந்துகொடுக்கும் சீலண்ட் இழுத்த பிறகு பெயிண்ட் அடிக்கலாம்.